முந்தாநாள் அடித்த மருந்து

"அந்தக் கொத்துல கை வைக்காதீங்க தம்பி!"

குரல் கேட்டதும் கையை இழுத்துக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன்பு, கம்பம் அருகே சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டம். என்னோடு பி.காம். படித்த நண்பனின் சித்தப்பாவுடையது. அவனுக்குச் சித்தப்பா என்றால் எனக்கும் சித்தப்பாதான். பந்தலுக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டு நடந்தோம். மேலே கறுகறுவென்று பன்னீர் திராட்சை. கடையில் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று நிறுத்து வாங்கியே பழக்கப்பட்டவனுக்கு, பழம் வந்து தலையில் இடிக்கிற அனுபவம் புதுசு. கை தானாகப் போய்விட்டது.

"ஏன் சித்தப்பா, இன்னும் பழுக்கலையா?"

"பழுத்தாச்சு. முந்தாநாள்தான் மருந்தடிச்சோம். நீங்க இப்பிடி வாங்க" என்று தோட்டத்தின் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். "இந்த ரெண்டு வரிசையில அடிச்சு இருபத்தஞ்சு நாளாச்சு. வீட்டுக்குன்னு விட்டு வெச்சிருக்கேன். வேணுங்கிற மட்டும் சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். அப்படி ஓர் இனிப்பு.

பிறகு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு போன் வந்தது. வியாபாரி. "சரிண்ணே... காலையில ஆறு மணிக்கு ஆள அனுப்பிருங்க. வெட்டிரலாம்."

"நாளைக்கு எந்த வரிசைய வெட்டறாங்க சித்தப்பா?"

"எல்லாத்தையும்தான். வீட்டு வரிசையத் தவிர."

"முந்தாநாள் அடிச்சதையுமா?"

டீ கிளாஸைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை.

"மூணு நாளாத் தூத்தல் தம்பி. அடிக்காம விட்டா கொத்தெல்லாம் அழுகிரும். இந்த ரெண்டு வரிசை அழுகுனா போகட்டும். தோட்டம் பூரா அழுகுனா நான் என்ன பண்ண? அடுத்த வாரம் வர்றேன்னவரு, வெலை ஏறுதுன்னு நாளைக்கே வர்றாரு. முடியாதுன்னா பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருவாரு."

"அப்ப என்கிட்ட மட்டும் ஏன் சாப்பிடாதீங்கன்னீங்க?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்:

"நீங்க முன்னால நிக்கிறீங்களே தம்பி."

இத்தனை வருஷம் ஆகியும் இந்த ஒரு வாக்கியம் என்னை விட்டுப் போகவில்லை.

சித்தப்பாவைத் திட்டுவது ரொம்பச் சுலபம். 'தனக்கு ஒரு வரிசை, ஊருக்கு ஒரு வரிசையா?' என்று நாலு வரி எழுதிவிட்டு, நல்லவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு போய்விடலாம். ஆனால் நான் படித்தது வணிகவியல். எந்த விஷயத்தையும் வரவு செலவு போட்டுப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

அவர் கணக்கைப் பாருங்கள். கவாத்து வெட்டிய நாளிலிருந்து அறுவடைக்குக் கிட்டத்தட்ட நாலு மாசம். உரம், கூலி, பந்தல் கம்பி எல்லாம் கடன். மருந்துக் கடையிலும் கடன். பயிருக்கு என்ன நோய், எதை எவ்வளவு கலக்க வேண்டும் என்று சொல்கிற டாக்டரும் அந்தக் கடைக்காரர்தான். கடன் கொடுத்த டாக்டர் எந்த மருந்தை எழுதுவார் என்று உங்களுக்கே தெரியும்.

இந்தப் பக்கம் நம் கணக்கு. பழத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தால் 'என்னப்பா, சொத்தையா இருக்கு' என்று பத்து ரூபாய் குறைக்கச் சொல்கிறோம். அதே பழத்தில் மருந்து மிச்சம் இருந்தால் ஒரு பைசாகூடக் குறைப்பதில்லை. புள்ளி கண்ணுக்குத் தெரிகிறது, மருந்து தெரியவில்லை. ஆக, புள்ளி விழாமல் பார்த்துக்கொள்வதற்கு நாம்தான் காசு கொடுக்கிறோம். காத்திருந்து வெட்டுவதற்கு யாரும் ஒரு காசும் கொடுப்பதில்லை. இந்த வியாபாரத்தில் சித்தப்பா மட்டும் குற்றவாளி என்றால் என் பி.காம். பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

திராட்சையில் மருந்தடிக்கிற கதை எங்கே ஆரம்பித்தது தெரியுமா? பிரான்ஸில், போர்டோ பக்கம். 1880-களில் அங்கே திராட்சைக் கொடிகளை அடிச்சாம்பல் நோய் தின்றுகொண்டிருந்தது. மில்லர்டே என்ற தாவரவியல் பேராசிரியர் ஒரு நாள் சாலையோரமாகப் போகிறார். தோட்டத்துக்குள்ளே இருக்கிற கொடிகளெல்லாம் நோயில் வாட, சாலையை ஒட்டிய கொடிகளில் மட்டும் இலை பச்சையாக நிற்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் இலை, பழம் எல்லாவற்றிலும் நீலமாக ஏதோ பூச்சு. விசாரித்தால், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருக்கிறார்கள். நோய்க்காக அல்ல. வழிப்போக்கர்கள் பழத்தைத் திருடித் தின்னாமல் இருப்பதற்காக! நீலத்தைப் பார்த்தால் விஷம் என்று பயந்து போய்விடுவார்கள் இல்லையா? அதிலிருந்து பிறந்ததுதான் போர்டோ கலவை. 1885-ல் மில்லர்டே அதைப் பற்றி எழுதினார். இன்றைக்கும் நம் ஊர்த் தோட்டங்களில் அது புழக்கத்தில் இருக்கிறது.

அந்தக் காலத்து மருந்து திருடனையே எச்சரித்தது. 'என்னைத் தின்னாதே' என்று நீலமாகக் கத்தியது. இன்றைக்குக் காசு கொடுத்து வாங்குகிற நமக்கு அந்த எச்சரிக்கைகூடக் கிடையாது. பல மருந்துகள் நிறம் இல்லாதவை. சில, செடியின் உடம்புக்குள்ளேயே ஊறிப் போகிறவை. மேலே ஒட்டியிருப்பதில் கொஞ்சம் கழுவினால் போகும். உள்ளே ஊறியது உப்புத் தண்ணீருக்கும் அசையாது.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் கருவி வேண்டும், அதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும், எவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று ஓர் அளவும் வேண்டும். 'அதிகபட்ச எச்ச அளவு' என்கிறார்கள். மருந்துக்கு மருந்து, பயிருக்குப் பயிர் இது மாறும். தனியாக அளவு எதுவும் நிர்ணயிக்காத மருந்துக்கு ஐரோப்பாவில் பொதுவாக வைத்திருக்கும் வரம்பு, கிலோவுக்கு 0.01 மில்லி கிராம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து டன் ஏற்றிய பத்து லாரி திராட்சையில் மொத்தமாக ஒரே ஒரு கிராம். அதற்கு மேல் போனால் சரக்கு உள்ளே வரக் கூடாது.

முடியுமா என்று நினைப்பீர்கள். முடியும். நாம் செய்துகாட்டியிருக்கிறோம். மகாராஷ்டிராவில் நாசிக் வட்டாரத்திலிருந்து ஐரோப்பாவுக்குத் திராட்சை போகிறது. அதற்காக மத்திய அரசின் ஏற்றுமதி அமைப்பான அபீடா, 2006-ல் 'கிரேப்நெட்' என்று ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஏற்றுமதி செய்கிற ஒவ்வொரு தோட்டத்துக்கும் பதிவு எண். அறுவடைக்கு முன்பே தோட்டத்துக்கு வந்து பழ மாதிரி எடுத்து, ஆய்வுக்கூடத்தில் சோதிக்கிறார்கள். புனேயில் இருக்கிற தேசிய திராட்சை ஆராய்ச்சி மையம் இதற்கெல்லாம் மேற்பார்வை. தேறினால்தான் பெட்டி கட்டலாம். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கடையில் இருக்கும் பெட்டியை வைத்துக்கொண்டு, இது எந்தத் தோட்டத்துப் பழம் என்று பின்னோக்கியே வந்து கண்டுபிடித்துவிடலாம்.

இதிலும் ஓட்டை விழுந்தது. 2010-ல் ஐரோப்பியத் துறைமுகங்களில் நம் திராட்சைக் கன்டெய்னர்கள் மாட்டிக்கொண்டன. குளோர்மெகுவாட் குளோரைடு என்ற பயிர் ஊக்கி அளவுக்கு மேல் இருந்ததாம். கொடி வீணாகப் படராமல் கட்டுப்படுத்துவதற்குப் போடுகிற சமாசாரம். நம் ஆய்வுக்கூடங்கள் ஏன் பிடிக்கவில்லை? சோதிக்க வேண்டிய பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. ஆடிட்டிங் பாடத்தில் 1896-ல் வந்த ஓர் இங்கிலாந்துத் தீர்ப்பைச் சொல்லிக் கொடுப்பார்கள். ஆடிட்டர் என்பவர் காவல் நாய்தானே தவிர மோப்ப நாய் இல்லை என்று நீதிபதி சொன்ன தீர்ப்பு. பட்டியலில் உள்ளதை மட்டும் பார்க்கிறவர், பட்டியலில் இல்லாததை விட்டுவிடுவார். விவசாயிகளுக்குப் பெரிய நஷ்டம். ஆனால் என்ன நடந்தது பாருங்கள்: அடுத்து அந்தப் பெயர் பட்டியலில் ஏறியது. சரக்கு திரும்பிவிடும் என்ற பயம் இருந்ததால் ஓட்டை அடைபட்டது.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம். 2006-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டம். எந்தப் பயிரில் எந்த மருந்து எவ்வளவு மிஞ்சலாம் என்று வரம்பும் இருக்கிறது. நாடு முழுக்கச் சந்தைகளில் மாதிரி எடுத்துச் சோதிக்கும் திட்டமும் 2005-06-லிருந்து நடந்து வந்திருக்கிறது. அதன் அறிக்கைகளில் பெரும்பாலான மாதிரிகள் வரம்புக்குள்தான் இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். பயமுறுத்துவது என் நோக்கமில்லை. திராட்சை சாப்பிடுவதை நானும் நிறுத்தவில்லை.

என் சந்தேகம் வேறு. சந்தையில் எடுத்த ஒரு கிலோவில் மருந்து அதிகம் என்று தெரிந்தால், அடுத்து என்ன செய்வது? யாரைக் கேட்பது? கடைக்காரர் மண்டியைக் காட்டுவார். மண்டிக்காரர் லாரியைக் காட்டுவார். லாரியில் பத்துத் தோட்டத்துப் பழம் கலந்து கிடக்கும். வவுச்சர் இல்லாத செலவு மாதிரி. தொகை இருக்கிறது, பெயர் இல்லை. அந்த முடிவு வருவதற்குள் மீதிப் பழம் ஜீரணமே ஆகியிருக்கும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். ஊருக்குப் பெயர் வந்துவிட்டது. நான் தள்ளுவண்டியில் வாங்குகிற கொத்து எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்பதற்கு மட்டும் விடை கிடையாது.

2015-ல் தமிழ்நாட்டுக் காய்கறியில் பூச்சிமருந்து அதிகம் என்று கேரளா சொன்னபோது, இங்கே பெரிய சர்ச்சை எழுந்தது. 'அதெல்லாம் இல்லை' என்று நம் அரசு மறுத்தது. மலையாளி நம்மை அவமானப்படுத்திவிட்டான் என்று டீக்கடையில் பொங்கினார்கள். கம்பத்திலிருந்து மலையேறினால் குமுளி. அதற்கு மேலே போகிற காயைப் பற்றி அத்தனை பேச்சு. மலைக்குக் கீழே நாம் தின்கிற காயைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ரோசம் வந்த நமக்குச் சந்தேகம் வரவில்லை.

ஆக, எனக்குப் புரிந்த வரையில் விதி இதுதான்: திருப்பி அனுப்பும் சக்தி யாருக்கு இருக்கிறதோ அவருடைய தட்டுக்குத்தான் சோதனை நடக்கும்.

அப்படியானால், அந்தச் சக்தியே இல்லாத ஒருவர் உண்டே, அவர் கதை என்ன? பழத்தைத் தின்கிறவருக்கு முன்னால் மருந்தைத் தொடுகிறவர் அவர்தான். தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு பந்தலுக்கு அடியில் நடக்கிற கூலிக்காரர். பந்தல் தலைக்கு மேலே இருப்பதால் அண்ணாந்துதான் அடிக்க வேண்டும். அடித்தது பாதி அவர் மேலேயே இறங்கும். மருந்து டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் போட்டிருப்பார்கள். சிவப்பு என்றால் கொடிய விஷம், பச்சை என்றால் கொஞ்சம் பரவாயில்லை. இது தெரிந்து அடிக்கிறவர் எத்தனை பேர்?

2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் 20 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில். நாசிக்கும் அதே மாநிலம்தான். ஒரு பக்கம், கடல் தாண்டிச் சாப்பிடப் போகிறவருக்காகப் பத்து லாரிக்கு ஒரு கிராம் என்று தேடுகிறார்கள். இன்னொரு பக்கம், அடிக்கிறவருடைய ரத்தத்தில் எத்தனை கிராம் என்று பார்க்க ஆள் இல்லை. பருத்தியை யாரும் தின்பதில்லை பாருங்கள்.

நம் கிராமத்தில் இதைப் பூச்சிக்கொல்லி என்று யாரும் சொல்வதில்லை. 'மருந்து' என்கிறோம். செடிக்கு மருந்தடிச்சேன் என்கிறோம். அதே வாயால், 'பாவம், அவன் மருந்தைக் குடிச்சுட்டான்' என்றும் சொல்கிறோம். கேட்டதும் ஓடுகிறோம். எது மருந்து, எது விஷம் என்பதில் நமக்குக் குழப்பமே இல்லை. யார் வயிற்றுக்குள் போகிறது என்பதை வைத்துத்தான் அர்த்தம் மாறுகிறது.

'கண்காணித்தால்தான் நியாயமாக இருப்போம் என்றால் அது நியாயமா? பயத்தில் செய்வது தர்மம் ஆகுமா?' என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்விதான். மனசாட்சி போதாதா?

சித்தப்பாவுக்கு மனசாட்சி நன்றாகவே வேலை செய்தது. என் கையைத் தடுத்ததே அதுதான். ஆனால் அது கூப்பிடு தூரம் வரைக்கும்தான் போகும். எதிரில் ஒரு முகம் இருந்தால் பேசும். லாரி ஏறிப்போன பிறகு, கோயம்பேட்டில் இறங்கி, எங்கோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை தின்னப்போகிற கொத்துக்கு முகம் ஏது? அவர் கெட்டவராக இருக்க வேண்டியதே இல்லை. தூரம் போதும். நீங்களும் நானும் இப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரர் விழுந்தால் ஓடுகிறோம். பேப்பரில் படித்தால் பக்கத்தைத் திருப்புகிறோம்.

பெட்டியின் மேல் தோட்டத்தின் எண்ணை எழுதுவது இந்த தூரத்தைக் குறைக்கிற காரியம். தின்கிறவருக்கு விளைவித்தவரின் முகவரி தெரிகிறது. விளைவித்தவருக்கும், அந்தப் பக்கம் யாரோ ஒருவர் நிற்கிறார் என்று தெரிகிறது.

இன்னொன்று. கணக்குப் புத்தகம் வைப்பது கேஷியர் திருடன் என்பதனால் அல்ல. யோக்கியமான கேஷியர் தன்னை யோக்கியன் என்று காட்டிக்கொள்ள அதுதான் ஒரே வழி. வியாபாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு, மருந்தின் வீரியம் குறைகிற நாள்வரை காத்திருக்கிற விவசாயி எங்கோ ஒருவர் இருப்பார். காத்திருந்த பழத்துக்கும் காத்திருக்காத பழத்துக்கும் மண்டியில் ஒரே விலை. காத்திருந்த நாட்களில் மழை வந்தால் நஷ்டம் அவருக்கு மட்டும். சோதனை இல்லாத சந்தையில் நல்லவனுக்குத்தான் அபராதம். எத்தனை வருஷம் கட்டுவார்? ஒரு நாள் அவரும் ஆறு மணிக்கு ஆளை அனுப்பச் சொல்லிவிடுவார். எனவே சோதனை என்பது பொய்யனைப் பிடிக்கிற வேலை மட்டுமல்ல. நல்லவன் கட்டுகிற அபராதத்தை நிறுத்துவதும் அதுதான்.

இதை இவ்வளவு தெளிவாக எழுதிவிட்டேன். ஒரு விஷயத்தை மட்டும் இன்னும் சொல்லவில்லை.

அன்றைக்குக் கிளம்பும்போது சித்தப்பா ஒரு மஞ்சள் பை நிறையத் திராட்சை கொடுத்தார். வீட்டு வரிசைப் பழம். "பாப்பாவுக்குக் குடுங்க. பயப்படாமக் குடுங்க" என்றார். வாங்கிக்கொண்டேன். பத்து நாள் பொறுங்கள் சித்தப்பா என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. அவர் கேட்டிருப்பாரோ மாட்டாரோ, அது வேறு. நான் சொல்லவே இல்லை. விருந்தாளி அப்படிச் சொல்லலாமா, அவர் கஷ்டம் அவருக்கு என்றெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம், பை என் மடியில் இருந்தது. என் மகளுக்கு நல்ல பழம் கிடைத்துவிட்டது.

முன்னால் நிற்கிறவனுக்கு நல்ல பழம் கிடைக்கிறது என்றால், முன்னால் நிற்க முடியாதவர்களுக்காகப் பேச வேண்டிய வேலையும் அவனுக்குத்தான். அந்தத் தோட்டத்தில் அன்றைக்கு அதைச் செய்ய என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

போன வாரம் தெருமுனையில் தள்ளுவண்டிக்கார அம்மாவிடம் திராட்சை வாங்கினேன். "எந்த ஊருப் பழம்மா இது?" என்று கேட்டேன்.

"மார்க்கெட்டுப் பழம் சார். நல்லா இனிக்கும், சாப்ட்டுப் பாருங்க" என்று நாலு பழத்தைப் பிய்த்து என் கையில் வைத்தார். அப்படியே தன் வாயிலும் ஒன்று போட்டுக்கொண்டார்.

அவர் முன்னால்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அந்தக் கொத்துக்கு எப்போது மருந்தடித்தார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.